மணி அடித்த பிறகு

சேக்காட்டில் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் பெரியவர்கள் பலர் வீட்டில் இருப்பதில்லை. ஆவடி மாநகராட்சிக்குள், இந்து கல்லூரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்தப் பகுதியில் வேலைக்குப் போகிறவர்களின் நாள், மின்சார ரயிலின் நேரத்தையும் ஷிப்டையும் பார்த்து நகர்கிறது. அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டை முடித்துத் திரும்பும்போது அம்மா வேறு வேலைக்குக் கிளம்பியிருப்பார். ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளை நம்பிய குடும்பங்கள் ஒருபுறம். 2024 நவம்பரில் பட்டாபிராமில் திறந்த 21 மாடி டைடல் பூங்கா கொண்டுவந்த புதிய வேலைகள் இன்னொருபுறம். நடுவே கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள். பிள்ளை வரும்போது பாட்டி இருந்தால் சரி. இல்லாவிட்டால் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும்.

இப்படிப்பட்ட வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: “நான் படிக்கல, நான் என்ன சொல்லிக்குடுக்க முடியும்? எல்லாம் டீச்சர் பாத்துக்குவாங்க.” பள்ளிக்கூடத்தின் பக்கம் போனால் அதற்கு எதிர்ப்பேச்சு கேட்கும்: “பேரன்ட்ஸுக்கு அக்கறையே இல்ல சார்.” இரண்டுமே தவறு. ஏன் தவறு என்பதை உலகின் பல மூலைகளில், தமிழ்நாட்டிலும்கூட, ஆய்வாளர்கள் பொறுமையாக அளந்து காட்டியிருக்கிறார்கள்.

முதலில் ஒரு எளிய கணக்கு. கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலைநாட்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வரை 220 நாட்கள், 1,000 மணி. ஓர் ஆண்டில் இருப்பதோ 8,760 மணி. ஏழு வயதுப் பிள்ளை நாளுக்குப் பத்து மணி நேரம் தூங்கினாலும் விழித்திருக்கும் நேரம் 5,110 மணி. அதில் 800 என்பது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மீதி ஐந்து பங்கும் வீட்டிலும் தெருவிலும் கழிகிறது. அந்த நேரத்தில் நடப்பவையும் பிள்ளையின் படிப்போடு சேர்ந்தவைதான். எவை உதவுகின்றன, எவை உதவுவதுபோல் தோன்றிக் கெடுக்கின்றன என்பதுதான் கேள்வி.

பேச்சிலிருந்து தொடங்கலாம்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 42 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற இருவர், வசதியான வீட்டுக் குழந்தைகள் நான்கு வயதுக்குள் ஏழை வீட்டுக் குழந்தைகளைவிட 3 கோடி சொற்கள் அதிகமாகக் கேட்டுவிடுகிறார்கள் என்று கணக்கிட்டு 1995ல் வெளியிட்டார்கள். அந்த எண் உலகெங்கும் பரவியது. குடும்பங்களின் எண்ணிக்கை குறைவு, வீட்டில் பக்கத்திலிருந்து பேசுகிற மற்றவர்களின் சொற்களைச் சேர்க்கவில்லை என்ற விமர்சனங்கள் பின்னால் வந்தன. பாட்டி, அத்தை, எதிர்வீட்டு அக்கா என்று பல குரல்களுக்கு நடுவே குழந்தை வளரும் நம் தெருக்களை அப்படிப்பட்ட கணக்குக்குள் அடக்கவே முடியாது.

அதைவிடத் தெளிவான விடை 2018ல் கிடைத்தது. எம்.ஐ.டி.யில் ஜான் கேப்ரியேலியின் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து பணியாற்றிய ரேச்சல் ரோமியோவும் அவருடைய குழுவினரும், 4 முதல் 6 வயது வரையுள்ள 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைச் சிறிய கருவி ஒன்றால் பதிவு செய்தார்கள். பெரியவர்கள் எத்தனை சொல் பேசினார்கள், குழந்தை எத்தனை முறை வாய் திறந்தது, பெரியவரும் குழந்தையும் எத்தனை முறை மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டார்கள் என்று தனித்தனியாக எண்ணினார்கள். பிறகு குழந்தைகள் கதை கேட்கும்போது மூளையில் எந்தப் பகுதி இயங்குகிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மாற்றி மாற்றிப் பேச்சு அதிகம் நடந்த வீடுகளின் குழந்தைகளுக்கு, மொழியைக் கையாளும் ப்ரோகா பகுதி கூடுதலாக இயங்கியது. மொழித் தேர்விலும் அவர்கள் முந்தினார்கள். காதில் விழுந்த சொற்களின் எண்ணிக்கை அந்த வேறுபாட்டை விளக்கவில்லை. பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை.

அந்தக் கடைசி வாக்கியம் சேக்காட்டுக்கு ரொம்ப முக்கியம். “இன்னைக்கு மதியம் யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?” என்று அம்மா கேட்கிறார். பிள்ளை பதில் சொல்கிறது. “அவ ஏன் சாப்பிடல?” என்று அடுத்த கேள்வி. பிள்ளை யோசித்துக் காரணம் சொல்கிறது. இதற்குப் பட்டம் வேண்டாம், பணம் வேண்டாம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே நடத்தலாம். குழந்தை ஏதோ சொல்ல வரும்போது முகத்தைத் திருப்பிப் பார்த்துக் கேட்டால், அதன் பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறந்தால், மொழியின் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்துவிட்டோம், வீட்டிலும் ஆங்கிலம் பேசினால்தான் பிள்ளைக்கு வரும் என்று நம்பி, தங்களுக்குச் சரளமாக வராத மொழியில் குழந்தையிடம் பேசுகிற பெற்றோர் புறநகர்களில் பெருகியிருக்கிறார்கள். அக்கறையால் செய்கிறார்கள். ஆனால் தெரிந்த நாலைந்து கட்டளைச் சொற்களோடு பேச்சு நின்றுபோகிறது. ஏன், எப்படி, அப்புறம் என்ன ஆச்சு என்ற கேள்விகள் பெற்றோருக்கு இயல்பான மொழியில்தான் வரும். அது தமிழோ தெலுங்கோ உருதோ இந்தியோ, எதுவானாலும் சரி. பேச்சு அறுந்துபோவதுதான் இழப்பு.

அடுத்தது வீட்டுப்பாடம். குடும்பத்தின் பங்கு என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். அதிகம் சண்டை நடக்கும் இடமும் இதுவே.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை 52லிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். அப்பா தான் படித்த முறையில் சொல்கிறார்: “ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு.” பள்ளியில் ஆசிரியர் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பிள்ளை குச்சியைப் பற்றிப் பேசுகிறது, அப்பா கடனைப் பற்றிப் பேசுகிறார். இரண்டும் ஒன்றே என்று இருவருக்கும் தெரியவில்லை. மூன்றாவது தப்பில் குரல் உயர்கிறது. “இதுகூட வராதா?” என்ற சொல் வெளியே வந்துவிடுகிறது. அன்றைக்குப் பிள்ளை கழித்தலைக் கற்கவில்லை. கணக்கு என்றால் நடுங்க வேண்டும் என்று கற்றுக்கொண்டது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் எரின் மலோனி, சியான் பைலாக் குழுவினர் இதை அளந்து பார்த்து 2015ல் வெளியிட்டார்கள். முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் சோதித்தார்கள். பெற்றோருக்குக் கணக்கின்மேல் எவ்வளவு பயம், வீட்டுப்பாடத்தில் எவ்வளவு அடிக்கடி உதவுகிறார்கள் என்றும் கேட்டார்கள். கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டு கணக்கைக் குறைவாகவே கற்றிருந்தார்கள். ஆண்டு முடிவில் அவர்களுக்கும் கணக்குப் பயம் ஏறியிருந்தது. அதே பயம் உள்ள பெற்றோர் அதிகம் உதவாத வீடுகளில் இந்தப் பாதிப்பு இல்லை. வாசிப்பிலும் பாதிப்பு இல்லை. பயம் கணக்கைப் பற்றியது, கெட்டதும் கணக்கு மட்டுமே.

பெரிய வகுப்புகளுக்கு வந்தால் படம் இன்னும் தெளிவாகிறது. நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் நடுநிலை வகுப்பு மாணவர்களைப் பற்றிய சுமார் 50 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2009ல் வெளியிட்டார்கள். குடும்பத்தின் ஈடுபாடு பொதுவாக நல்ல மதிப்பெண்ணோடு சேர்ந்தே வருகிறது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: வீட்டுப்பாடத்தில் உட்கார்ந்து உதவுவது. அதனால் சீரான பலன் இல்லை. படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குத்தான் பெற்றோர் அதிகம் உதவுகிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் எல்லாவற்றையும்விட வலுவாக நின்றது வேறொன்று. படிப்பு ஏன் வேண்டும் என்று பிள்ளையோடு பேசுவது, அது என்ன ஆக விரும்புகிறது என்று கேட்பது, அந்த விருப்பத்துக்கும் இன்றைய பாடத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது, எப்படிப் படிக்கலாம் என்று சேர்ந்து யோசிப்பது, “உன்னால முடியும்” என்ற எதிர்பார்ப்பை வெளிப்படையாக வைப்பது. கணக்கைச் சொல்லித்தர முடியாத தாயால் இவை அத்தனையும் முடியும்.

ஆகவே எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா தெரியாத அம்மா வெட்கப்படத் தேவையில்லை. “எனக்கு இது தெரியல, நீ எனக்குச் சொல்லிக்குடு” என்று அவர் கேட்டால், பிள்ளை தனக்குப் புரிந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும். எங்கே திக்குகிறதோ அங்கே புரியவில்லை என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். மறுநாள் ஆசிரியரிடம் கேட்க ஒரு கேள்வியும் கையில் இருக்கும்.

தாய் எழுத்தே அறியாதவரானால்? இதற்கு விடை தேட ருக்மிணி பானர்ஜி, ஜேம்ஸ் பெர்ரி, மார்க் ஷாட்லண்ட் மூவரும் பிகாரிலும் ராஜஸ்தானிலும் 480 குடியிருப்புகளில் பெரிய சோதனை ஒன்றை நடத்தினார்கள். முடிவுகள் 2017ல் வெளிவந்தன. சில இடங்களில் தாய்மார்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தினார்கள். சில இடங்களில் வகுப்பு இல்லை. அதற்குப் பதிலாக வாரந்தோறும் ஒருவர் வீட்டுக்கு வந்து, பிள்ளையோடு உட்கார்ந்து செய்ய ஒரு பயிற்சித் தாளைத் தந்து, எப்படிச் செய்வது என்று காட்டிவிட்டுப் போனார். மூன்றாவது தொகுதிக்கு இரண்டும் கிடைத்தன. இரண்டும் கிடைத்த இடங்களில் தாய்மார்களும் கற்றார்கள், பிள்ளைகளின் கணக்கும் முன்னேறியது. பெரிய முன்னேற்றம் என்று சொல்ல முடியாது: நூறு பேரில் நடுவில் நிற்கும் பிள்ளை இரண்டு மூன்று இடம் முன்னே போவதற்குச் சமம். ஆனால் அந்த வீடுகளில் படிப்புக்கான பொருட்கள் கூடின, பிள்ளையின் படிப்பில் தாய் ஈடுபடுவது கூடியது. வீட்டின் பழக்கம் ஓராண்டில் அவ்வளவு மாறியது என்பது சின்ன விஷயம் அல்ல.

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்குவாரிகளிலும் வயல்களிலும் வேலை செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுதப் படிக்கக் கற்றார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அந்தப் பெண்களில் பலர் கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். எழுத்தும் சைக்கிளும் கைவந்த பெண்கள் யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய்வர முடிந்தது. பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடமும் அந்த வெளியில்தான் இருந்தது.

பள்ளிக்கும் ஊருக்கும் இடையிலுள்ள உறவு சேக்காடு இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் பழக்கமானதுதான். சேக்காட்டைத் தாண்டி அரக்கோணம் பாதையில் ரயில் போனால் திருவள்ளூருக்கு அப்பால் கடம்பத்தூர் வரும். 1958ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு முதன்முதலாக நடந்த ஊர் அது. முதலமைச்சர் காமராஜர், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு இருவரும் முன்னின்று நடத்திய இயக்கம். பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று ஆசிரியர்கள் பட்டியல் போட்டார்கள். ஊர்க்காரர்கள் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். ஒருவர் நிலம் தந்தார், ஒருவர் கரும்பலகை, இன்னொருவர் பெஞ்சு, சீருடை, மதிய உணவுக்கான பாத்திரம். மாநிலம் முழுக்க அந்த மாநாடுகள் தொடர்ந்தன.

மதிய உணவும் அப்படித்தான் வளர்ந்தது. முதலில் ஊர் நன்கொடையில் சோறு போட்டார்கள், பிறகு அரசு செலவில் பங்கெடுத்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். காலை ஏழு மணிக்கு ரயிலைப் பிடிக்க வேண்டிய தாய், பிள்ளைக்கு ஒரு டம்ளர் டீயும் பன்னும் கொடுத்து அனுப்பிவிட்டு நாள் முழுக்க மனசுக்குள் புழுங்கிய காலம் இருந்தது. பசியோடு உட்காரும் பிள்ளையின் கவனம் பாடத்தில் நிற்காது என்று சொல்ல ஆய்வு தேவையில்லை. கிராமப் பள்ளிகளில் இந்தக் காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். அந்தப் பள்ளியிலேயே பிள்ளை படிக்கும் தாய்மாருக்குத்தான் முன்னுரிமை. தினமும் பள்ளி வாசலுக்குள் நுழையும் தாய், ஆசிரியரிடம் தயங்காமல் பேசுவார். ஒரு கூட்டத்தை அறிவித்து அழைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கூட்டம் என்றதும் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிப் பேச வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இந்தக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20 அன்று எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்து 20 பேர் கொண்ட குழுக்கள் மறுபடி அமைந்தன. அப்போதைய ஏற்பாட்டில் ஒவ்வொரு குழுவிலும் 15 பேர் பெற்றோர், தலைவர் ஒரு தாய். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம் நடந்தது.

காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் காகிதத்தில் இருப்பது தானாக நடந்துவிடாது என்பதை உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டம் காட்டியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து அங்கே 280 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2010ல் வெளிவந்தது. அங்கும் கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருந்தது. பெற்றோரில் பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. குழு உறுப்பினர்களிலேயே ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தான் உறுப்பினர் என்று தெரியாது. ஆய்வுக் குழு ஊர்க் கூட்டம் போட்டு உரிமைகளை விளக்கியது. வேறு சில கிராமங்களில் ஊராரே பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிச் சோதித்து, ஊருக்கான மதிப்பெண் அறிக்கையும் தயாரித்தார்கள். மக்கள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். ஆனாலும் குழு விழித்துக்கொள்ளவில்லை, பள்ளியும் மாறவில்லை.

மூன்றாவது வகைக் கிராமங்களில்தான் மாற்றம் வந்தது. அங்கே தன்னார்வமாக வந்த இளைஞர்களுக்குச் சில நாட்கள் பயிற்சி தந்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம் நடத்தச் சொன்னார்கள். முகாமுக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு நன்றாகவே முன்னேறியது. ஆனால் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இதிலிருந்து பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். ஒரு நிர்வாகத்தை எதிர்த்துக் கேள்வி கேட்பது வேறு, தன் பிள்ளைக்கு உதவுவது வேறு. முதலாவதற்கு அதிகாரம் வேண்டும், நேரம் வேண்டும், தன் பிள்ளையை ஆசிரியர் எப்படி நடத்துவாரோ என்ற அச்சம் இல்லாமல் இருக்க வேண்டும். தினக்கூலி வாங்கும் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்பது அரைநாள் சம்பளம். அந்தத் தாய் வரவில்லை என்பதைப் பதிவேட்டில் மட்டும் பார்த்தால் அலட்சியம் போலத் தெரியும். ஷிப்ட் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சேக்காடு போன்ற பகுதிகளில் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெற்றோரைப் பற்றிப் பேச வேண்டும்.

கொரோனா காலம் இந்த மொத்த விவாதத்தையும் ஒரு சோதனைக்கு உள்ளாக்கியது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் குடும்பம் மட்டுமே பள்ளி. ஒரு கைபேசி இருந்த வீட்டில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டது. மூன்று பிள்ளைகள் ஒரு கைபேசிக்குக் காத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை வகுப்பறையைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்குப் போனது.

பள்ளி திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், 2021 அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. அந்தந்தத் தெருவிலேயே இருக்கும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண், மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்றரை மணி நேரம் சுமார் 20 பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிக்கவைத்தார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பிளஸ் டூ முடித்தவர்கள் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு, பட்டம் முடித்தவர்கள் 6 முதல் 8 வரை. வீட்டு மாடி, கோயில் மண்டபம், திண்ணை, எங்கே இடம் இருந்ததோ அங்கே வகுப்பு. மாநிலம் முழுக்க ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள். கல்யாணமாகி வேலைக்குப் போக முடியாமல் வீட்டிலேயே இருந்த பல பட்டதாரிப் பெண்களைத் தெரு முதன்முறையாக “டீச்சர்” என்று கூப்பிட்டது இதில்தான்.

அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளின் கற்றல் நிலையை அளந்தார்கள். 2019ல் அதே ஊர்களில் அதே வயதுப் பிள்ளைகள் எப்படிச் செய்தார்கள் என்ற பதிவு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதனால் ஒப்பிட முடிந்தது. 2021 டிசம்பரில் இழப்பு கடுமையாக இருந்தது. கணக்கில் விழுந்த அடி மொழியில் விழுந்ததைப்போல் இரண்டு மடங்கு. தாய்க்குப் படிப்பு குறைந்த வீடுகளின் பிள்ளைகள் கூடுதலாக இழந்திருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்கு இல்லம் தேடிக் கல்வி காரணம் என்று கணக்கிட்டார்கள்.

இரண்டு பக்கமும் பார்க்க வேண்டிய முடிவு இது. பள்ளி இல்லாமல் குடும்பம் மட்டும் இருந்தபோது பிள்ளைகள் இழந்தார்கள். எனவே பள்ளியின் வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்ட யாருக்கும் உரிமை இல்லை. மீட்சியின் பெரும்பகுதியும் பள்ளியால் வந்ததே. ஆனால் தெருவில் நடந்த அந்தச் சின்ன வகுப்பு, பெற்றோருக்கு நேரமோ படிப்போ இல்லாத வீடுகளுக்கு இருந்த பள்ளத்தைக் கொஞ்சம் தூர்த்தது. பிள்ளை எங்கே இருக்கிறது, என்ன படிக்கிறது என்று தாய்க்குத் தெரிந்தது. வகுப்பு எடுத்தவர் பக்கத்துத் தெருப் பெண் என்பதால், வழியில் பார்க்கும்போது “பாப்பா எப்படிப் படிக்கிறா?” என்று கேட்க முடிந்தது.

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைப்பதே பாதி வெற்றி. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் ரெபேக்கா டிசான்-ராஸ் நடத்தி 2019ல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் தம் பிள்ளையின் நிலையைப் பற்றி நினைத்திருந்ததற்கும் உண்மைக்கும் பெரும் இடைவெளி இருந்தது. படிப்பு குறைந்த பெற்றோருக்கு இடைவெளி அதிகம். மதிப்பெண்ணைப் புரியும்படி எடுத்துச் சொன்னவுடன் அவர்கள் மாறினார்கள். தொடக்க நிலை, நடு நிலை, உயர் நிலை என்று மூன்று வகைப் பயிற்சிப் புத்தகங்களைக் காட்டியபோது, தம் பிள்ளைக்குப் பொருந்துவதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸின் ஏழைக் குடியிருப்புப் பகுதியில் பீட்டர் பெர்க்மன் செய்தது இன்னும் எளிது: பிள்ளை எந்தப் பாடத்தில் எந்த வீட்டுப்பாடத்தைத் தரவில்லை என்று பக்க எண்ணோடு பெற்றோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி. உயர்நிலை வகுப்பு மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. பெற்றோரும் பள்ளியைத் தேடிப் போகத் தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கான கருவிகள் ஏற்கெனவே கைவசம் உள்ளன. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டத்திலேயே, அழிஞ்சிவாக்கம் பள்ளியில், எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது நோக்கம். பிள்ளைகளின் வயதைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும். பெற்றோரின் கைபேசி எண் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் இணைக்க வேண்டியதுதான் பாக்கி.

படிக்கத் தெரியாத பெற்றோரும் கேட்கும்படி பிள்ளையின் நிலை குரல் செய்தியாக வரட்டும். இரவு எட்டரை மணிக்கு, ஷிப்ட் முடிந்த நேரத்தில் வரட்டும். “உங்க பொண்ணு இப்ப மொட்டு நிலையில இருக்கா. ரெண்டெழுத்து வார்த்தை நல்லா வருது, ‘ழ’, ‘ள’ மட்டும் மாறுது. இந்த வாரம் கடைக்குப் போகும்போது போர்டைப் படிக்கச் சொல்லுங்க” என்று ஆசிரியரின் குரலிலேயே சொன்னால் போதும். ‘ழ’வையும் ‘ள’வையும் எழுதத் தெரியாத அப்பாவால்கூட மறுநாள் மளிகைக் கடை வாசலில் மகளைத் தூக்கி, பெயர்ப்பலகையைக் காட்டி, “என்ன எழுதியிருக்கு, படி” என்று கேட்க முடியும்.